வியாழக்கிழமை கெட்டுப் போனவர்

ஜெய்னம்புவின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஒன்பது வருஷம் அவள் வீட்டுக்குத் தந்தியும் மணியார்டரும் கொண்டுபோனவன் நான். கதவு ஒரு சாண் திறக்கும். மருதாணி மங்கிய நாலு விரல் வெளியே வரும். ஃபாரம் உள்ளே போய், வலமிருந்து இடமாக அரபு எழுத்தில் ஒரு கையெழுத்தோடு திரும்பி வரும். கூடவே குரலும் வரும். அந்தக் குரலுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். ஜெய்னம்புவுக்கு இருந்த வாய்க்கு வங்காளத்தைத் தாண்டியும் போயிருக்கலாம். ஆனால் அவள் போனதெல்லாம் வீட்டிலிருந்து பெண்கள் தொழும் தைக்கா வரைக்கும்தான். அதுவும் வீடுகளுக்குப் பின்னால் பெண்களுக்கென்றே விட்ட முடுக்கு வழியாக. குர்ஆன் முழுதும் மனப்பாடம். மனப்பாடம் செய்தவர்கள் ஊரில் நிறைய உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடித் தேடிப் படித்தவள் அவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை தைக்காவில் அவள் அர்த்தம் சொன்னால், தெருவில் போகிற, மார்க்கம் கற்ற ஆலிம்கள்கூட நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

எங்கள் ஊர் காயல்பட்டினத்துக்கும் புன்னைக்காயலுக்கும் நடுவில், கடலை ஒட்டி இருந்த சின்ன ஊர். எங்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நான் பனங்காட்டுப் பக்கத்து ஆள், பெயர் காசிலிங்கம். தந்தி ஆபீஸில் நானும் தேவமணி என்று ஒரு பையனும்தான். தந்தி கொண்டுபோக அவன் இருந்தாலும் வெளிநாட்டுத் தந்தி வந்தால் நானே சைக்கிளை எடுத்துவிடுவேன். இங்கிலீஷைத் தமிழில் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பெருமைதான். அந்தப் பெருமை என்ன வேலை செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊர் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவார். ஜெய்னம்புவின் மாப்பிள்ளை நூஹுத்தம்பி குலசேகரன்பட்டினத்துக்காரர். தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணி ஓட்டியவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கோடு போய் வந்தவர். அவள் வாப்பா உவைசு மரைக்காருக்குக் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, வெளியூர்த் தோணிக்காரன் மாப்பிள்ளை! அவள் பிடிவாதம் பிடித்துத்தான் அது நடந்தது. மரைக்கார் மனசில் அது ஆறவே இல்லை.

வந்த புதிதில் நூஹுவுக்கு எங்கள் ஊர்ச் சந்துகளில் வழி பிடிபடவில்லை. தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வேறு யார் வீட்டு வாசலிலாவது போய் நிற்பார். கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வழி தப்பினால் யாரையும் கேட்க மாட்டார். நேராகக் கடற்கரைக்குப் போய்விடுவார். தண்ணீரைப் பார்த்து நின்று, திரும்பி, அங்கிருந்து தெருவை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ‘ஏலே, மாப்பிள்ள கடலப் பாக்கப் போறாரு, வீட்டத் தொலச்சிட்டாருல்லா’ என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எழுபத்துமூன்றில் நூஹு அபுதாபிக்குப் போனார். பாலைவனத்துக்குள்ளே எண்ணெய்க் கிணறு தோண்டுகிற முகாம்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. இரண்டு வருஷம் கடிதம் ஒழுங்காக வந்தது.

எழுபத்தைந்து, தை மாதம், ஒரு திங்கள்கிழமை காலை. தந்தி வந்தது. அனுப்பியவர் நூஹுவின் கம்பெனி அரபு முதலாளி; பதில் அனுப்பும் கட்டணத்தையும் அவரே கட்டியிருந்தார். அப்படி வந்தால் அவசரம் என்று அர்த்தம். ‘நூஹு வெண்ட் அஸ்ட்ரே தர்ஸ்டே வித் லாரி. இஃப் யூ நோ பிளேஸ் ரிப்ளை.’ அவ்வளவுதான் செய்தி.

நான் படித்தது தூத்துக்குடியில் பாதிரியார் பள்ளிக்கூடம். அஸ்ட்ரே என்ற சொல்லை நான் கேட்டதெல்லாம் பிரசங்கத்தில்தான். குடித்து அழிந்தவன், சூதாடி, பெண்டாட்டியை விட்டு ஓடியவன், இவர்களைச் சொல்லும்போதுதான் அந்தச் சொல் வரும். வேறு அர்த்தம் உண்டா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜெய்னம்பு வீட்டுக் கதவோரத்தில், மீன் விற்கும் புன்னைக்காயல் மெட்டில்டா பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். பக்கத்து முடுக்கில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். நான் தந்தியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்ன அண்ணாச்சி, மூச்சக் காணோம்?” என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

“அதும்மா... நூஹு தம்பி லாரியோட... கெட்டுப் போயிட்டாராம். இருக்க எடம் தெரிஞ்சா பதில் போடச் சொல்லுதாங்க.”

விரல்கள் வெளியே வந்து தந்தியை வாங்கிக்கொண்டன. கதவு சாத்தியது.

நான் ஆபீஸ் போய்ச் சேருமுன் செய்தி மூன்று தெருவைக் கடந்திருந்தது. முதல் தெருவில் நூஹு லாரியை விற்றிருந்தார். இரண்டாம் தெருவில் குடித்திருந்தார். மூன்றாம் தெருவில் லாரியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு பொம்பளை ஏறி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதே சங்கடமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு உவைசு மரைக்கார் ஆபீஸுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

“காசிலிங்கம், பதில் எழுதும் வே. எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்ல, உங்க இஷ்டம்போலச் செஞ்சுக்கிடுங்கன்னு போடும்.”

பதில் எழுதும் உரிமை, தந்தி யார் பெயருக்கு வந்ததோ அவருக்குத்தான். ஜெய்னம்புவின் கையெழுத்து இல்லாமல் நான் அதை வாங்கக் கூடாது. அதை மெதுவாகச் சொன்னேன்.

“பொம்பளப்புள்ள கையெழுத்தா? நான் செத்தா போனேன்?” என்றார்.

பெரிய மனிதர். வெயிலில் வேறு வந்திருக்கிறார். நான் எழுதினேன். இங்கிலீஷ் வாக்கியத்தை நானே நயமாக அமைத்தும் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நல்லவேளை, தூத்துக்குடி லைன் செத்துக் கிடந்தது. ஆத்தூர்ப் பக்கம் எங்கோ கம்பி அறுந்துவிட்டதாம். எங்கள் தந்தி எல்லாம் மோர்ஸ் கட்டையில் தட்டித் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போக வேண்டும். லைன் வந்ததும் தட்டிவிடு என்று தாளைத் தேவமணியின் மேசையில் வைத்தேன். மரைக்கார் ஊர் ஆலிம் சதக்கு ஆலிம்சாவைப் பார்க்கக் கிளம்பினார். கெட்டுப் போன புருஷனிடமிருந்து மகளைப் பிரித்துவிட மார்க்கத்தில் என்ன வழி என்று கேட்கத்தான் போகிறார் என்பது ஊருக்கே தெரியும்.

இரண்டு மணி இருக்கும். மெட்டில்டா வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, ஒம்மள ஜெய்னம்பு புள்ள கூப்புடுது. இப்பமே வரணுமாம். நான் மீன விக்காமப் போட்டுட்டு வாரேன், சட்டுன்னு கெளம்பும்.”

போனேன். கதவு இந்தத் தடவை ஒரு முழம் திறந்திருந்தது. தந்தித் தாள் வெளியே நீண்டது.

“அண்ணாச்சி, அர்த்தம் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு வார்த்தையா படிங்க. இது என்ன?”

“நூஹு.”

“இது?”

“வெண்ட் அஸ்ட்ரே. கெட்டுப்...”

“அர்த்தம் கேக்கல. அடுத்தது?”

“தர்ஸ்டே. வியாழக்கிழம.”

தாள் சட்டென்று உள்ளே போனது. பிறகு குரல் மாறி வந்தது.

“வியாழக்கிழமயா? காலயில இதச் சொல்லலியே நீங்க. ஒரு மனுசன் கெட்டுப் போறதுக்கு வருசக்கணக்காகும் அண்ணாச்சி. வியாழக்கிழமன்னு நாள் குறிச்சு எவனாவது கெட்டுப் போவானா?”

நாள் குறித்து ஒருவன் தொலைந்து போகலாம். கெட்டுப் போக முடியாது. சின்னப் பிள்ளைக்குத் தெரிகிற விஷயம். இத்தனை வருஷம் இங்கிலீஷ் படித்துக் கிழித்த எனக்குத் தெரியவில்லை.

“அந்த அரபுக்காரன் மனசுல என்ன வார்த்தை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “ளல்ல. வழி தப்புறதுக்கும் வழி கெடுறதுக்கும் அரபில அந்த ஒரு வார்த்ததான். அதத்தான் எவனோ இங்கிலீஷாக்கியிருக்கான். வழி தப்பிட்டாங்க அண்ணாச்சி. மணலுக்குள்ள லாரியோட வழி தப்பிட்டாங்க. இன்னைக்கு அஞ்சாம் நாளு. லாரியில தண்ணி இருக்கும். தின்ன என்ன இருக்கும்? எடம் தெரிஞ்சா சொல்லுன்னு அவன் கேக்கான். நான் சொல்லணும். பதில் எழுதுங்க.”

அவள் வாப்பா கொடுத்த பதிலைச் சொன்னேன். மேசையில் இருக்கிறது என்றேன்.

“எங்களுக்குச் சம்பந்தமில்லன்னு பொண்டாட்டி வீட்டுலயே சொன்னா, லாரியத் திருடிட்டு ஓடுனவன்னு எழுதிட்டு, தேடுறத விட்டுருவான்ல?” அந்தக் குரல் உடைந்தது. அது உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “என் பேருக்கு வந்ததுக்கு என் கையெழுத்தில்லாம எப்பிடி வாங்குனீங்க அண்ணாச்சி?”

அந்த நேரம் பார்த்து மரைக்காரும் சதக்கு ஆலிமும் தெருமுனையில் வந்தார்கள். ஆலிம்சா நிதானமானவர், பேச்சு குறைவு. மரைக்கார் வந்ததும் வராததுமாகக் கதவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏளா, தெருவுல ஆம்பளகிட்ட என்ன பேச்சு? உள்ள போ!”

“போறேன் வாப்பா. ஆலிம்சாட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன்.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “ஆலிம்சா, ‘ளல்ல’ன்னா என்ன?”

ஆலிம்சா தாடியைத் தடவினார். “வழிகேடு. தினமும் தொழுகயில பாத்திஹா சூராவுல ஓதுறோமே, வலள்ளால்லீன்னு. வழிகெட்டவங்க.”

“சரி. குர்ஆன்ல வள்ளுஹா சூராவுல அல்லாஹ் நம்ம நபி ரசூலுல்லாவப் பாத்து, உங்கள ‘ளால்லா’ இருக்கக் கண்டு வழி காட்டினோம்னு சொல்லுதான். அங்க என்ன அர்த்தம் வப்பீங்க? கெட்டவங்கன்னா?”

மெட்டில்டா எதற்கோ சிலுவை போட்டுக்கொண்டாள். ஆலிம்சா முகம் வெளுத்தது.

“தவ்பா, தவ்பா. அப்பிடி யாரும் சொல்ல மாட்டாங்க.”

“குர்ஆனுக்கு விளக்கம் சொல்லுற கிதாபுல என்ன எழுதியிருக்கு? சின்ன வயசுல மக்கா மலையிடுக்குல வழி தப்பிட்டாங்க, திரும்பக் கிடைச்சாங்கன்னு ஒரு கூட்டம் எழுதியிருக்காங்களா, இல்லியா?”

“எழுதியிருக்காங்க,” என்றார் ஆலிம்சா மெதுவாக.

“இன்னொண்ணு. வந்நஜ்மு சூராவுல, ‘மா ளல்ல ஸாஹிபுகும் வமா கவா’. உங்க தோழர் வழி தப்பவும் இல்ல, கெட்டுப் போகவும் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான்னா அல்லாஹ் ஏன் ரெண்டு வார்த்த சொல்லுதான்? கெட்டுப் போனா ‘கவா’. இவங்க ‘ளல்ல’. என் மாப்பிள்ள தொலஞ்சு போயிருக்காங்க ஆலிம்சா. நீங்க ரெண்டு பேரும் அவங்கள உசுரோட மவுத்தாக்கிட்டு எனக்கு விடுதல வாங்கித் தர வந்திருக்கீங்க.”

மரைக்கார் கையை ஓங்கினார். எதை அடிக்க? கதவைத்தான். ஆலிம்சா அவர் கையைப் பிடித்தார்.

“மரைக்கார், அந்தப் புள்ள சொல்லுறது சரி. நான் யோசிக்காம வந்துட்டேன்.”

“ஊரே சிரிக்கி ஆலிம்சா!”

“சிரிக்கட்டும். அங்கன ஒரு உசுரு கெடக்கு.”

மரைக்கார் கையை இறக்கினார். நான் தாளை எடுத்தேன். ஜெய்னம்பு சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் அரபு: ளல்ல, மா கவா. வழி தப்பினார், கெட்டுப் போகவில்லை. படிக்கிற அரபுக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்றாள். பிறகு இங்கிலீஷில் எழுதச் சொன்னாள்: கடல் பக்கம் தேடுங்கள்.

“முகாம் இருக்கிற பக்கம்தான் அவன் தேடுவான். இவங்க அங்கன போயிருக்க மாட்டாங்க. வழி தப்பினா கடலத்தான் பாப்பாங்க. காத்துல உப்பு எங்கேருந்து வருதுன்னு மோந்துக்கிட்டே போவாங்க. அவங்கள எனக்குத் தெரியும்.”

விரல்கள் வந்து கையெழுத்துப் போட்டன.

அப்போதுதான் எனக்கு மணி உறைத்தது. மூன்று. மூன்று மணிக்கெல்லாம் லைன் சரியாகிவிடும் என்று ஆத்தூரிலிருந்து சொல்லியிருந்தார்கள். தேவமணி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். மரைக்காரின் பதில் அவன் மேசைமேல் கிடக்கிறது!

சைக்கிளை மிதித்தேன். சந்தில் எதிரே கழுதை ஒன்று விறகோடு மறித்து நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். வேட்டி தடுக்கியது, மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. ஆபீஸ் வாசலுக்கு வருமுன்பே கட்டையின் சத்தம் கேட்டது. கட், கட கட், கட். லைன் வந்துவிட்டது.

“ஏலே! நிறுத்துலே!”

தேவமணி பயந்து திரும்பினான். அவன் கையைக் கட்டையோடு சேர்த்து அமுக்கினேன்.

“எதுவரைக்கும் போச்சு?”

“விலாசம் முடிஞ்சு... ‘வி ஹேவ் நோ’ வரைக்கும் போச்சு சார்.”

‘எங்களுக்கு இல்லை’ என்பது வரைக்கும் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை தட்டியிருந்தால் ஒரு மனிதனைக் கைகழுவி முடித்திருப்போம். நானே கட்டையில் உட்கார்ந்தேன். அந்தத் தந்தி ரத்து, ரத்து, ரத்து என்று மூன்று தடவை தட்டினேன். தூத்துக்குடியில் எவனோ எரிச்சலோடு சரி என்றான். எனக்கு அவன் காலில் விழலாம்போல் இருந்தது.

ஜெய்னம்புவின் தாளை விரித்தேன். முதல் சொல். ளல்ல. ‘ள’வுக்கு இங்கிலீஷில் எல். எல், ஏ, எல், எல், ஏ என்று எழுதிவிட்டுக் கட்டையில் கை வைத்தேன்.

“நில்லும்!”

வாசலில் ஆலிம்சா. ஐம்பத்தைந்து வயதில் தலைப்பாகை கையில், செருப்பு ஒரு காலில். என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

“எல் போடாதீரும் காசிலிங்கம்! டி போடும், டி!”

எனக்குப் புரியவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அரபியில் அது ஒரு தனி எழுத்து. எங்கள் பக்கத்து நாக்கில் அது ‘ள’. ரமளான் என்றுதான் சொல்வோம், தொழுமுன் கை கால் கழுவி உளூச் செய்வோம். அரபு நாட்டுக்காரன் நாக்கில் அது கனமான ஒரு ‘த’. அதை அவர்கள் இங்கிலீஷில் டி போட்டுத்தான் எழுதுவார்கள். ஹஜ்ஜுக்குப் போனபோது இவர் ‘ரமளான்’ என்று சொல்லப்போய், கடைக்காரன் விழித்திருக்கிறான்.

“நீரு லல்லான்னு அனுப்புனா, அவன் எவளோ பொம்பள பேருன்னு நெனப்பான்.”

அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடித்துவிட்டு டி போட்டேன். டல்லா. மா கவா. சர்ச் சீ சைட். தட்டி முடித்தபோது மூன்று இருபது. தேவமணி தண்ணீர் கொண்டுவந்து ஆலிம்சாவுக்கும் எனக்கும் கொடுத்தான்.

செவ்வாய் முழுதும் ஒன்றுமில்லை. கட்டை சத்தம் போடும்போதெல்லாம் எழுந்து ஓடினேன். சங்கு விலை, சரக்குத் தோணி வந்த செய்தி, எவனோ பெண் பார்க்க வருகிற செய்தி, எல்லாம் வந்தது. அபுதாபி வரவில்லை. சாயங்காலம் மெட்டில்டா ஆபீஸ் வாசலில் பெட்டியை இறக்கி, “அந்தப் புள்ள ரெண்டு நாளா பட்டினி அண்ணாச்சி, அங்க அவரு சாப்புடலன்னு” என்றாள். தங்கள் மாதா கோவிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றியிருப்பதாகவும், அதை அந்த வீட்டில் சொல்லிவிடாதீர் என்றும் சொன்னாள். எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நூஹு செத்துக்கித்துப் போயிருந்தால் அந்த வீட்டுக் கதவு முன்னால் நான் எப்படிப் போய் நிற்பேன் என்பதே நினைப்பாக இருந்தது.

புதனும் அப்படியே போனது. வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கட்டை பேசியது. எழுதிக்கொண்டு வரும்போதே எழுத்து கலங்கித் தெரிந்தது. ‘ஃபவுண்ட் நியர் சீ. அலைவ். வீக். ஹாஸ்பிட்டல்.’ கடலுக்குப் பக்கத்தில் கிடைத்தார். உயிரோடு இருக்கிறார். பலவீனம். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு அர்த்தம் இருக்குமோ என்று அகராதியையும் எடுத்துப் பார்த்தேன். இல்லை.

அந்தத் தெருவுக்கு நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. கதவு நான் தட்டுமுன்பே திறந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். அவள் கேட்ட பிறகுதான் அர்த்தம் சொன்னேன். உள்ளே தரையில் தொப்பென்று உட்காருகிற சத்தம். பிறகு அழுகை. வாய் விட்டு, பச்சைப் பிள்ளை மாதிரி அழுதாள். மரைக்கார் உள்கட்டிலிருந்து வந்து மகள் பக்கத்தில் நின்றதைக் கதவிடுக்கில் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் வெளியே வந்தது.

“அம்மா, என்னை மன்னிக்கணும்,” என்றேன். “திங்கக்கிழம நான் சொன்னது...”

“அண்ணாச்சி, நீங்க ஓடுன ஓட்டத்த மெட்டில்டா சொன்னா. அத நான் மறக்க மாட்டேன். தொழும்போது உங்களுக்காகத் துவா செய்வேன்.” குரல் கரகரத்திருந்தது, ஆனால் பழைய குரல்தான். “ஆனா ஒண்ணு. வாப்பா போட்ட தந்திய ரத்து பண்ணுனீங்க. என் மாப்பிள்ள கெட்டுப் போயிட்டாருன்னு இந்த வாசல்ல நின்னு நீங்க ஒண்ணு சொன்னீங்களே, அது மூணு தெருவுக்குப் போயிருக்கே. அத எந்தக் கட்டையில தட்டி ரத்து பண்ணுவீங்க?”

ஆபீஸில் தேவமணி காத்திருப்பான், தூத்துக்குடியிலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும் என்று சைக்கிளை அங்கேயே சுவரில் சாய்த்துவிட்டு, முதல் தெருவின் முதல் கதவுக்கு நடந்துபோய்த் தட்டினேன்.

“யாரு?” என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“தந்தி ஆபீஸ் காசிலிங்கம். தந்தி ஒண்ணும் இல்லம்மா. நான் ஒரு தப்பு சொல்லிட்டேன்.”